வாய் துடைத்த எஃகு

அன்று காலைத் தேநீருக்கு இருந்தவர்கள் நான்கு பேர். வெந்நீர்க் குழாயை ஒட்டிக் கிடந்த காலி எண்ணெய் டிரம்மின் மேல் பாலிச். அவருக்கு எதிரே, கழித்துப்போட்ட சிலிண்டர் ஒன்றைக் கிடத்தி அதன்மேல் காலைப் பரப்பிக்கொண்டு தோலெகன். சுவரோரத்தில், வீட்டிலிருந்து தானே சுமந்துவந்த நாற்காலியில் ஆட்டுத்தோலை விரித்துத் தரச் சோதனை லூபா. நான்காவது ஆள் கம்ஷாத். அவளுக்கென்று விட்டிருந்த மரப்பெட்டி காலியாகவே இருந்தது. ஒரு கையில் பால் தேநீர்க் கோப்பையைப் பிடித்து, மறு கையை மெஷினின் வார்ப்பிரும்பு மேசையில் பதித்து, அவள் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இன்னும் விடியவில்லை. உயரத்துக் கண்ணாடிகளில் கரி கலந்த பனி அப்பியிருந்தது. கொட்டகைக்குள் வெட்டுச் சூட்டைத் தணிக்கும் கூலண்டின் நாற்றமும் சூடான இரும்பின் வாடையும். கட்டர் சிலிண்டரின் பக்கவாட்டில் இறங்கியது. முதலில் உறுமல். இரும்புச் சுருள்கள் நீலம் பாய்ந்து தெறித்தன. பிறகு, கடைசி விரற்கடை ஆழத்தில், அந்தச் சத்தம் கிளம்பியது. குட்டியைப் பறிகொடுத்த பெண் ஒட்டகம் புல்வெளியில் நின்று ஓலமிடுவதற்குக் கசாக்கியரிடம் தனியாக ஒரு சொல் உண்டு: பொஸ்தாவ். மெஷினின் அந்த ஊளைக்கும் இந்தக் கொட்டகையில் அதுதான் பெயர்.

"உன் ஒட்டகம் ஆரம்பிச்சிடுச்சு, கம்ஷா. யாராச்சும் அதோட குட்டியக் கொண்டாந்து விடுங்கப்பா," என்றார் பாலிச்.

"குட்டிய மொதலாளி கைரெகே பூட்டி வெச்சிருக்காரு. சாவி அவரு சட்டைப் பையில," என்றான் தோலெகன்.

லூபா சிரித்தாள். கம்ஷாத் சிரிக்கவில்லை. அவள் உள்ளங்கை வழியாக மெஷினின் நடுக்கம் ஏறி முழங்கை வரை வந்துகொண்டிருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையைத் தாங்கி நிற்கும் நீரழுத்தத் தூண்களுக்கு இங்கே சிலிண்டர் செய்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்கவாட்டில் ஒரு வாய். குழாயைத் திருகி மாட்டுவதற்கான துளை அது. வாய்க்குள்ளே சரிவாக ஒரு விளிம்பு. அதன்மேல் ரப்பர் வளையம் உட்காரும். விளிம்பு கண்ணாடி மாதிரி இருந்தால் ஒரு சொட்டும் கசியாது. வாய் முழுவதையும், விளிம்பு, சரிவு, தளம் எல்லாவற்றையும், ஒரே கட்டர் ஒரே இறக்கத்தில் வெட்டுகிறது. அகலமான வெட்டு என்பதால் கட்டருக்கு நடுக்கம் வந்துவிட்டால் விளிம்பில் அலை அலையாகக் கோடு விழும்.

அலையை அடக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். சுழலும் வேகத்தைப் பாதியாக இறக்கு. இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டு. கட்டரைக் குட்டையான பிடியில் மாட்டு. அடியில் போய் வெறுமனே சுற்றவிடாமல் சட்டென்று வெளியே எடு. கம்ஷாத் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வேகக் குமிழைக் காதால் கேட்டுத்தான் திருப்புவாள். ஊளை வரும்போலிருந்தால் ஒரு சுண்டு சுண்டுவாள், அடங்கிவிடும்.

இலையுதிர் காலத்தில் சுரங்க நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் ஆனது. ஆட்கள் கைரெகே என்று கூப்பிடும் முதலாளி கைரொல்லா, ஷிப்டுக்கான எண்ணிக்கையை ஏற்றினார். குமிழுக்கு மேல் தகர மூடி போட்டுப் பூட்டினார். எல்லா மாதிரிக்கும் எட்டட்டும் என்று மலிவாக நீளப் பிடிகள் வந்து இறங்கின. அலை விழுந்தால் அந்தச் சிலிண்டரின் விலை சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். அடியில் மர ஆப்பு அடித்துப் பார்த்தாள் கம்ஷாத். ஈயம் நிரப்பிய பையைப் பிடிமானத்தின் மேல் தொங்கவிட்டாள். சில நாள் கொஞ்சம் குறையும்; சில நாள் ஒன்றும் ஆகாது.

வழி கண்டுபிடித்தவன் தோலெகன். ஒரு பிர்ச் மரக் குச்சி, நுனியில் உப்புத்தாள், வாய்க்குள் விட்டு நாலு சுற்று. அலை கண்ணுக்குத் தெரியாமல் மழுங்கிவிடும், பள்ளம் போகாது, ஆனால் விளிம்பு பளபளக்கும். அதற்கு 'வாய் துடைக்கிறது' என்று பெயர் வைத்ததும் அவன்தான். வாரம் ஆவதற்குள் எல்லா மெஷினிலும் குச்சி இருந்தது. லூபா கைவிளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்ப்பாள். துடைத்ததா, வெட்டியதா என்பது அவளுக்குத் தெரியும். "அழகா இருக்கு" என்று சொல்லித் தள்ளிவிடுவாள். வாயருகே அவரவர் எண்ணை முத்திரையாக அடிப்பது அங்கே பழைய வழக்கம். கம்ஷாத்தின் எண் பதினேழு. முத்திரை உள்ள ஆள் அடித்துவிட்டால் அதற்குமேல் கேள்வி இல்லை. அந்த மரியாதைக்காக ஒரு காலத்தில் ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கடைசியாகத் தூண் போவது பாலிச்சிடம். பெயர் ஸினோவி பாவ்லொவிச். யாருக்கும் அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரம் இல்லை. சிலிண்டரில் குழாயை மாட்டி, பால் போன்ற எண்ணெய்க் கலவையை முந்நூறு மடங்கு வளியழுத்தத்துக்கு ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கசிவு இருந்தால் அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும், கையை நீட்டக்கூடாது. அந்த அழுத்தத்தில் நூலளவு கசிவும் தோலைத் துளைத்து எண்ணெயைச் சதைக்குள் ஏற்றிவிடும். எண்ணிக்கை ஏறிய பிறகு அட்டையைத் தேட நேரம் இருக்கவில்லை.

தேநீர் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். வெளியே சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சோதனை மேடையிலிருந்து பாலிச்சின் குரல் கேட்டது.

"ஏய், குளவி கொட்டிருச்சுடா! குளிர்காலத்துல குளவி!"

கம்ஷாத் ஓடினாள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்கு அடியில், ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"துடைக்கப் போனேன். நூல் மாதிரி பீய்ச்சுச்சு. ஒண்ணுமில்ல போ."

"டாக்டர்கிட்ட போயிடுங்க, பாலிச்."

"இதுக்கா? அவரு பூதக்கண்ணாடி வெச்சுத்தான் தேடணும்."

இரண்டு சிலிண்டர் கூடச் சோதித்தார். மூன்றாவதற்குக் குழாயைத் திருக விரல்கள் மடங்கவில்லை. உணவு நேரத்துக்குள் உள்ளங்கை மெழுகு மாதிரி வெளுத்து, மணிக்கட்டு வரை வீங்கியது. நகைச்சுவை நின்றுபோனது. முனகலை அடக்கப் பல்லைக் கடித்ததில் தாடை இறுகித் தெரிந்தது. ஆம்புலன்ஸ் பெண் புள்ளியைப் பார்த்தாள், "எவ்வளவு அழுத்தம்?" என்று கேட்டாள், எண்ணைக் கேட்டதும் ஓட்டுநரிடம் சைரனைப் போடச் சொன்னாள்.

மேடையோரத்தில், பீய்ச்சிய அந்தச் சிலிண்டர் ஒதுக்கி வைத்தபடியே நின்றது. வாயருகே பதினேழு.

கம்ஷாத் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைத் துடைத்தாளா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. துடைக்காத ஒன்றையாவது நினைவில் தேடினாள். அதுவும் கிடைக்கவில்லை.

*

கைரொல்லா அவளை மறுநாள் கூப்பிட்டார். அறையில் தொழில்நுட்பப் பொறியாளர் தாமிரும் இருந்தார். ஜன்னலோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தட்டில் பாவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகள், ஒரு வெள்ளைத்தாள், பேனா. கைரொல்லாவும் ஒரு காலத்தில் இதே கொட்டகையில் ஃபிட்டராக இருந்தவர். கட்டை விரலின் நகம் இன்னும் பிளந்துதான் இருந்தது.

"எடுத்துக்கோ தங்கச்சி, வீட்டுல சுட்டது. பதினேழு உன் எண்தானே?"

"ஆமா, கைரெகே."

"துடைச்சியா?"

"எல்லாரும் துடைக்கிறோம்."

"எல்லாரப் பத்தியும் நான் கேக்கல. பதினேழு எத்தன பேரு?"

கைரொல்லா வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"விளக்கம் எழுதிக் குடு. 'நான், இன்னார் மகள் இன்னார், விதிமுறைக்கு மாறா, என் இஷ்டத்துக்கு, உப்புத்தாள் போட்டேன்.' அவ்வளவுதான். விசாரணைக் கமிஷன் வந்து விபத்துல யாருக்கு எத்தன பங்குன்னு சதவீதம் போடும். பாலிச்சுக்குக் கொஞ்சம், அவன் கைய நீட்டினான். உனக்குக் கொஞ்சம். கம்பெனிக்குப் பங்கு வரக்கூடாது."

"கம்பெனிக்குப் பங்கு இல்லன்னா பாலிச்சுக்கு என்ன கிடைக்கும்?"

"அவன நான் பாத்துப்பேன். மனுஷனா மனுஷனுக்கு."

"குமிழப் பூட்டாம இருந்திருந்தா..."

"குமிழப் பத்திப் பேசாதே!" கைரொல்லாவின் கை மேசையில் விழுந்தது. பிறகு குரலை இறக்கினார். "பாதி வேகத்துல ஓட்டினா சுரங்கக்காரன் நாளைக்கே வேற எடத்துல வாங்குவான். அப்புறம் உனக்கு அழுவுற மெஷினும் கிடையாது, சிரிக்கிற மெஷினும் கிடையாது. எனக்கு மட்டும் என்ன, அவன் கழுத்தப் புடிக்கிறான், நான் உங்க கழுத்தப் புடிக்கிறேன். வேற எங்க போறது?"

தாமிர் தொண்டையைச் செருமினார். "குட்டப் பிடி வாங்கினாலே பாதி நடுக்கம் போயிடும்னு கோடையிலயே சொன்னேன், கைரெகே."

"சொன்னே. கேட்டேன். வேற?"

தாமிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தாள் வரணும்," என்றார் கைரொல்லா. "வந்தா சம்பளம் குறையும், வேலை இருக்கும். வரலேன்னா போலீஸ்ல பேசிக்க. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இல்ல? பெரியவ காலேஜு?"

கம்ஷாத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மெஷினருகே வந்து நின்றபோது எதற்கு வந்தோம் என்றே மறந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாள். ஒட்டகம் ஓலமிட்டது. வாயில் அலை. குச்சியை எடுக்க நீண்ட கை பாதியில் நின்றது. துடைத்தால் ஒரு தப்பு, துடைக்காவிட்டால் சம்பளப் பிடித்தம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலங்கியில் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

*

தோலெகனின் பழைய காரில் மூன்று பேரும் நகரத்து மருத்துவமனைக்குப் போனார்கள். பாலிச் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கையை முன்கை வரை கிழித்துத் திறந்து கழுவியிருந்தார்கள். இரண்டு விரல்கள் போய்விட்டன. மூன்றாவது இருக்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

"வாங்க வாங்க. தோலெகன், இனி என்கூடக் கை குலுக்கினா உனக்குத் தள்ளுபடி," என்றார்.

லூபா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவர் அவளை அழவேண்டாம் என்று கையமர்த்தினார். கட்டுப் போட்ட கையால் செய்த அந்தச் சைகை பாதியில் வலித்து நின்றது.

"பாலிச், அது என்னோட சிலிண்டர்," என்றாள் கம்ஷாத். ஒத்திகை பார்த்து வந்த மற்ற வார்த்தைகள் வரவில்லை.

"தெரியும். பதினேழு. நல்லாப் படிச்சேன், மூக்குக்கு முன்னாடிதானே இருந்துச்சு. உன்னோடதுக்கு முந்தின சிலிண்டரு தோலெகனோடது. அது பீய்ச்சல. அவ்வளவுதான் வித்தியாசம்." கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் ஏற்றிவைத்துக்கொண்டார். "இங்க வேலை இல்லயா, அதனால படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். புது ரப்பர் வளையம் மெத்துன்னு இருக்கும். அலையில போயி உக்காந்து அடைச்சுக்கும். என் மேடையில கசியாம நிக்கும், நானும் 'சரி'ன்னு தள்ளிட்டேன். மாசம் ரெண்டாகி ரப்பரு தேஞ்சா?"

பாலிச் தோலெகன் பக்கம் திரும்பினார்.

"இலையுதிர் காலத்துலருந்து நாம அனுப்பினதெல்லாம் இப்ப எங்க நிக்குது?"

"கீழ, சுரங்கத்துல," என்றான் தோலெகன்.

"அந்தத் தூணுக்கும் கீழ யாரு?"

செவிலி வந்து நேரமாகிவிட்டது என்றாள். படியிறங்கும்போது தோலெகன் வெடித்தான்.

"என்ன பண்ணச் சொல்றாரு? சுரங்கத்துல போயிக் கத்தணுமா? எழுதிக் குடுத்தா கைரெகே கையில நாமளே கயித்தக் குடுத்த மாதிரி ஆகாதா? அவரு ஒரு ஆளக் கேக்குறாரு, நாம வரிசையா நிக்கணுமா?"

"ஒரு ஆளுன்னா நான்," என்றாள் கம்ஷாத்.

"அக்கா, நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்னே," என்றாள் லூபா, மூக்கைத் துடைத்தபடி. "நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து ராத்திரியெல்லாம், 'கடவுளே, நல்லவேளை, பதினேழோட நிக்குது'ன்னு. அவ மூஞ்சியப் பாக்க முடியாம ஆட்டுத்தோல உதறிக்கிட்டிருந்தேன்."

கார் கதவைத் திறந்த தோலெகன் உள்ளே ஏறாமல் நின்றான். காற்றில் அவன் தொப்பியின் காதுமூடிகள் அடித்துக்கொண்டன.

"எழுதினா வேலை போகும்," என்றான்.

"போகும்," என்றாள் லூபா.

"எழுதலேன்னா?"

கம்ஷாத் பின்கதவைத் திறந்து ஏறினாள். கார் ஊர்ப் பக்கம் திரும்பியது.

*

வெள்ளிக்கிழமை கம்ஷாத் தாளைக் கொடுக்கவில்லை. "திங்கட்கிழமை கடைசி," என்று ஆள் வந்து சொல்லிப் போனான். ஞாயிற்றுக்கிழமை பகலில் லூபாவின் சமையலறையில் கூடினார்கள். மற்ற மெஷின்காரர்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். சிலர் வந்தார்கள். சிலருக்குத் திடீரென்று விருந்தாளி வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வந்தவர்களிலும் ஒருவர் தேநீரைக் குடித்துவிட்டு, "பசங்க சின்னப் பசங்க, மன்னிச்சிடுங்க," என்று எழுந்து போனார். அவரை யாரும் திட்டவில்லை.

கமிஷனுக்கு எழுதுவதா, அரசு ஆய்வாளருக்கா என்று முதலில் பேச்சு. ஆய்வாளர் கைரெகேவின் மேசையில்தான் சாப்பிடுவார் என்றார் ஒருவர். "முதல்ல கீழ நிக்கிறவனுக்கு எழுதுவோம்," என்றாள் கம்ஷாத். "மத்தவங்களுக்கெல்லாம் அப்புறம் எழுதலாம்."

லூபாவின் பையனுடைய கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழிபட்டது. கம்ஷாத் எழுத ஆரம்பித்தாள். தோலெகன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"என்ன எழுதியிருக்கே?"

"'நான், முத்திரை எண் பதினேழு...'"

"அத அடி."

"இது நெசம்தானே?"

"அடி அக்கா. அவரு எழுதச் சொன்ன கடுதாசியும் 'நான்'னுதானே ஆரம்பிக்குது? குச்சிய மொதல்ல செதுக்கினது நான். பேரு வெச்சது நான். 'நாங்க'ன்னு போடு."

"கைவிளக்கப் புடிச்சுப் பாத்து 'அழகா இருக்கு'ன்னு சொன்னவளும் அதுக்குள்ள வரணும்," என்றாள் லூபா.

கம்ஷாத் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். மெஷினை இன்ன வேகத்தில் ஓட்டுவதால், இலையுதிர் காலம் முதல் வந்த தூண்களின் வாய் விளிம்பில் அலை உண்டு. அதை நாங்கள் உப்புத்தாளால் மறைத்தோம். சோதனையில் கசியாமல் நின்றன, நாளடைவில் நிற்குமா என்று எங்களுக்குத் தெரியாது. குழாய் மாட்டிய இடத்தில் ஈரம் தெரிந்தால் கையால் தொடாதீர்கள், அதன் கீழே நிற்காதீர்கள், கழற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்த எந்த முத்திரை எண் என்று கீழே எழுதியிருக்கிறோம். நாளை முதல் ஊளையிடும் மெஷினை நாங்கள் நிறுத்துவோம். இனித் துடைக்க மாட்டோம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தாமிர். பூட்ஸைக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்றார். கம்ஷாத் தாளைக் கையால் மூடினாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். கேக்காதீங்க," என்றார். "எனக்கு அப்பார்ட்மெண்ட் கடன் இருக்கு, அம்மா படுத்த படுக்கை." யாரும் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார். "வேகம் எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க?"

கம்ஷாத் வாசித்தாள்.

"தப்பு. அது கட்டர் கம்பெனிக்காரன் குடுத்த உச்ச வேகம். நாம ஓட்டுறது அதுக்கும் மேல. சரியா எழுதுங்க. தப்பா இருந்தா அதையே புடிச்சுக்குவாங்க." எண்ணைச் சொன்னார். அவள் திருத்தும்வரை நின்று பார்த்தார். லூபா கோப்பையை நீட்டினாள். தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார். மாடிப்படியில் அவர் காலடி ஓசை வெகுநேரம் கேட்டது.

"பாவம், ஒட்டகத்துக்கும் நமக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்," என்றான் தோலெகன். அந்த வாரத்தில் முதல் தடவையாக எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

கையெழுத்துப் போடும்போது சிரிப்பு இல்லை. பேனா கை மாறியது. ஒருவர் போடுவதற்கு முன் இரண்டு தடவை வாசித்தார். இன்னொருவர் வாசிக்காமலே போட்டார், வாசித்தால் போட முடியாது என்றார். பாலிச்சின் பெயரை, அவர் தொலைபேசியில் சொன்னபடி, லூபா எழுதினாள். பக்கத்தில் 'இடது கையால் போடுவார், பிறகு' என்று சேர்த்தாள்.

*

திங்கட்கிழமை, விடியும் நேரம். சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ரொட்டிக்கடை முனையில் நிற்கும். அஞ்சலில் போட்டால் எத்தனை நாளாகுமோ என்று பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புவதாக முடிவாகியிருந்தது. கம்ஷாத்தும் லூபாவும் தோலெகனும் விளக்குக் கம்பத்தடியில் நின்றார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், தூங்காத முகங்கள். குளிரில் பேச வாய் திறக்க முடியவில்லை. இன்றைக்கு மெஷினை நிறுத்தினால் என்ன ஆகும், நாளைக்கு நுழைவு அட்டை வேலை செய்யுமா, மாதக் கடைசியில் மகளுக்கு எதை அனுப்புவது, எதுவும் கம்ஷாத்துக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கும் அது தெரியவில்லை.

பஸ் வந்து நின்றது. ஜன்னல்களில் தலைகள் சாய்ந்து தூங்கின. கரி ஏறிய இமைகள், மடியில் சாப்பாட்டு டப்பாக்கள். கம்ஷாத் கையுறையைக் கழற்றி, மடித்த தாளை உறைக்குள் வைத்தாள். லூபா பசைக்குச்சியை மேலங்கிக்குள் உடம்போடு வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தாள். விளிம்பில் தடவி, தோலெகன் முதுகின் மேல் வைத்து இருவருமாக அழுத்தினார்கள்.

"சீக்கிரம், கதவு தெறந்திருந்தா உள்ள உறைஞ்சிடுவாங்க," என்றார் ஓட்டுநர். "யாருக்கு?"

"மூணாவது பகுதி ஆளுங்களோட தலைவரு, பிரிகேடியருக்கு. அவர் இல்லேன்னா யாரு மொதல்ல சுரங்கத்துக்குள்ள இறங்கறாங்களோ அவங்களுக்கு," என்றாள் கம்ஷாத்.

"அவசரமா?"

"இறங்கறதுக்கு முன்னாடி படிக்கச் சொல்லுங்க, அண்ணே. லிஃப்டுல ஏறறதுக்கு முன்னாடி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, சத்தமா."

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார், இவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். கதவு மூடியது. பஸ் சுரங்கச் சாலையில் திரும்பியது.